நீர் வாணம்

(சங்கத்தின் சிறுவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் சங்க இலக்கியம் பற்றியும் கம்பன் கவிநயம் பற்றியும் பேசிய அறிஞர் பலர். அவர்கள் நின்ற இடத்தில் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திய ஒரு ரயில்வே குமாஸ்தா நிற்பது எனக்கே கூச்சத்தைத் தருகிறது. செயலாளர் வந்து, "ஐயா, அந்தப் புட்டியைப் பறக்கவிடும் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும்" என்றபோது மறுத்துப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஆகவே, கற்றவன் சொல்லும் விஞ்ஞானமாகக் கொள்ளாமல், பட்டவன் சொல்லும் அனுபவமாக இதைக் கேட்டருள வேண்டுகிறேன்.

என் கையில் இருப்பது இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டி. விருந்து முடிந்ததும் குப்பையில் எறிகிறோமே, அதேதான். இதனுள் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றை அடைத்து, வாயைத் திடீரென்று திறந்துவிட்டால் இது பத்து மாடிக் கட்டடத்தையும் தாண்டி எழும். நெருப்பில்லை, புகையில்லை, மருந்தில்லை. பட்டாசுக்குத் தடையும் கட்டுப்பாடுமாகவே தீபாவளிகளைக் கண்டு வளர்ந்த தில்லிக் குழந்தைகளுக்கு, ஒரு வாணம் வானில் ஏறுவதை அருகிருந்து பார்ப்பதே அரிதாகிவிட்டது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளியில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து, "நாமும் செய்யலாமா அப்பா?" என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். ஐந்து மாதம் ஆயிற்று.

முதலில் இது எவ்வாறு பறக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். படகில் நின்றுகொண்டு ஒரு செங்கல்லைப் பின்பக்கம் வீசினால் படகு முன்பக்கம் நகரும். பஞ்சுப் பொதியை வீசினால் அவ்வளவு நகராது. வீசும் பொருள் கனமாக இருக்க வேண்டும். வேகமாகவும் வீச வேண்டும். புட்டிக்குள் அடைபட்ட காற்று ஓர் அழுத்தப்பட்ட வில். நீர், அந்த வில் வீசும் செங்கல். நாம் சுவாசிக்கும் காற்றைவிட நீர் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு கனமானது. நீரே இல்லாமல் வெறுங்காற்றை அடைத்து விட்டுப் பார்த்தோம். 'பட்' என்ற ஒலியோடு கிளம்பி, வீட்டுக் கூரை உயரம் போய்த் திரும்பிவிட்டது. முக்கால் பங்கு நீர் நிரப்பியும் பார்த்தோம். நீரைச் சுமக்கவே வலுவில்லாமல் அசைந்து எழுந்து அருகிலேயே விழுந்தது, ஏனெனில் வில்லுக்கு அங்கே இடமில்லை. பாதி நீரைவிட மூன்றில் ஒரு பங்கே நன்று என்பதை என் மகள் தன் நோட்டில் கோடு போட்டுக் குறித்து வைத்திருக்கிறாள்.

கணக்கும் ஒன்று உண்டு. சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம், அதாவது பம்பின் அழுத்தமானியில் ஏறத்தாழ 57 ராத்தல், ஏற்றினால் நீர் வினாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் வெளியே பாயும். புட்டி வாயின் உள்விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர். அதன் வழியே பாயும் நீர் தொடக்கத்தில் தரும் உந்தல் 30 கிலோ எடைக்குச் சமம். வாணமோ நீரோடு சேர்த்து முக்கால் கிலோதான்! அந்த நீர் முழுவதும் ஏறத்தாழப் பத்தில் ஒரு வினாடியில் தீர்ந்துவிடும். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது. அதன் பிறகு புட்டி செய்வதெல்லாம் எறிந்த கல் செய்வதுதான்.

பறப்பது பத்தில் ஒரு வினாடி வேலை என்றால், ஐந்து மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். அடைத்து வைப்பதற்குத்தான் அவ்வளவு காலமும் ஆயிற்று. ராக்கெட் என்றவுடன் நாம் கூர்மூக்கையும் இறக்கையையும் நினைக்கிறோம். அவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். காற்றைக் கசியாமல் பிடித்து வைத்திருப்பதும், விடும்போது முழுவதையும் ஒரே கணத்தில் விடுவதுமே இதில் உள்ள வித்தை.

எங்கள் முதல் முயற்சி ஒரு ரப்பர்த் தக்கை. நடுவில் துளையிட்டு மோட்டார் டியூபின் வால்வைச் செருகி, புட்டி வாயில் இறுக்கினோம். பம்பு அடித்தால் ஏதோ ஒரு கணத்தில் தக்கை பிடுங்கிக்கொள்ளும், வாணம் எழும். எந்தக் கணம் என்பது தக்கைக்கே வெளிச்சம். ஒரு முறை பத்து அடியிலேயே பிடுங்கிக்கொண்டு, மூன்றாம் மாடி மாமி உலர்த்தியிருந்த வடகத்தின்மேல் நீரைப் பொழிந்தது. அம்மையார் பெருந்தன்மையோடு சிரித்தார். இரண்டாவது நிகழ்ச்சிக்கு யாரும் சிரிக்கவில்லை. தக்கை ஓரத்தில் காற்று 'உஸ்' என்று கசிந்தது. "எங்கே கசிகிறது பார்" என்று நான்தான் சொன்னேன். என் மகள் குனிந்தாள். அந்தக் கணத்தில் புட்டி சாய்ந்து கிளம்பி, அவள் காதோரம் உரசிச் சென்று மதிற்சுவரில் மோதியது. ஒரு விரற்கடை இப்பால் வந்திருந்தால் அவள் கண். வெறும் நீர்தானே, வெறும் காற்றுதானே என்று எண்ணியிருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. "இனி இந்த விளையாட்டு வேண்டாம்" என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்னது நியாயம். மகள் ஒன்றும் பேசாமல் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். அந்த மௌனம் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. அவள் பயந்தது புட்டியைக் கண்டு அல்ல, என் அஜாக்கிரதையைக் கண்டு.

எங்கள் குடியிருப்பில், பொன்மலைப் பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்று, மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மாலை நடையில் அவரிடம் இதைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்; அவர் கடிந்துகொண்டார். "தம்பி, நீங்கள் ஊருக்குப் போகும் கிராண்ட் டிரங்க் வண்டியில் பிரேக் குழாயின் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. நீங்கள் புட்டியில் ஏற்றுவது 4. ஏறக்குறைய அதே அழுத்தம். அங்கே கசிவு சோதிக்காமல் வண்டி புறப்படுமா? இங்கே பிள்ளையைக் குனிந்து பார்க்கச் சொன்னீர்களே!" என்றார். இருபது ஆண்டுகளாக ரயில்வேயில் இருக்கிறேன்; பிரேக் குழாய் பற்றிய கடிதங்கள் என் மேசை வழியாக எத்தனையோ போயிருக்கின்றன. அந்த 5 கிலோ என்பது காகிதத்தில் உள்ள எண்ணாகவே எனக்கு இருந்து வந்திருக்கிறது.

அவர் எனக்கு இரண்டு பாடங்கள் சொன்னார். முதலாவது: "காற்றை ஏற்றும் வழியைச் செய்யுமுன், இறக்கும் வழியைச் செய்." இரண்டாவது: "எந்தக் கலத்தையும் முதலில் நீரால் சோதி, பிறகே காற்றால்." பணிமனையில் காற்றுத் தொட்டிகளைச் சோதிக்கும் முறை இதுவாம். கலம் முழுவதையும் நீரால் நிரப்பி, அந்த நீரின்மீது அழுத்தம் ஏற்றுவார்கள். நீர் அழுத்தத்திற்கு அநேகமாகச் சுருங்குவதில்லை. ஆகவே அதில் வில்லின் விசை தேங்குவதில்லை. கலம் விரிசல் கண்டால் நீர் பீறிட்டு ஒழுகும், அவ்வளவுதான். காற்று அப்படியன்று, சுருங்கிக் கிடக்கும் காற்று, விரிசல் கண்ட கணமே வெடித்துச் சிதறும். கழுத்துவரை நீர் நிரப்பிய புட்டிகளில், ஏற்ற நினைத்த அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக 75 ராத்தல் வரை ஏற்றிப் பார்த்தோம். எட்டுப் புட்டிகளில் ஒன்று, கீறல் விழுந்த பழைய புட்டி, அடிப்பாகத்தில் ஒழுகியது. அதை நான் இன்னும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் புட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் பொறியியலாளர் நத்தானியேல் வயத் என்பவர். காப்புரிமை பெற்ற ஆண்டு 1973. சலவைத் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் இஞ்சிச் சோடாவை ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்தாராம். மறுநாள் அது ஊதிப் பெருத்திருந்தது. அதன்பின் பல காலம் முயன்று, பிளாஸ்டிக்கை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் இழுத்து வலுவேற்றும் முறையைக் கண்டார். சோடாவின் வாயு அழுத்தத்தைத் தாங்கப் பிறந்த புட்டி என்பதால்தான் இது நமக்கு உதவுகிறது. ஆகவே குழந்தைகளே, நினைவிருக்கட்டும்: நீர் வாணத்துக்குத் தண்ணீர்ப் புட்டி உதவாது! குடிநீர் வரும் மெல்லிய புட்டி வாயு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று. சோடா வகைக் குளிர்பானம் வரும், அடியில் ஐந்து இதழ் போல் புடைத்த உருண்டைப் புட்டிதான் வேண்டும். வெயிலில் கிடந்ததும், கீறியதும், நசுங்கியதும் ஆகா.

இனி ஏவு மேடை. சாவடி பஜாரில் வாங்கிய அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய், ஒரு பலகையில் செங்குத்தாக நிற்கிறது. கடைக்குப் போகும்போது அறுத்தெடுத்த ஒரு புட்டிக் கழுத்தைக் கையோடு கொண்டு போங்கள்; அரை அங்குலம் என்று கடைக்காரர் தருபவை எல்லாம் ஒரே பருமனாக இருப்பதில்லை. குழாயின் மேல்முனை புட்டி வாய்க்குள் நுழையும். இடைவெளியை அடைக்க ஒரு ரப்பர் வளையம். புட்டிக் கழுத்தில் ஒரு விளிம்பு இருக்கிறதே, அதைச் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கேபிள் டைகள் நிற்கின்றன. மின்சாரக் கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் வார்கள் அவை. பகீரத் பேலஸில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். அவற்றின் தலைகள் விளிம்பைக் கவ்விக்கொள்கின்றன. அத்தலைகள் விரிந்துவிடாமல், சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்று வளையல்போல் மேலே ஏறி நிற்கிறது. அதில் கட்டிய கயிற்றை முப்பதடிக்கு அப்பாலிருந்து இழுத்தால் வளையல் கீழே இறங்கும், வார்த்தலைகள் விரியும், புட்டி விடுதலை பெறும். இந்த யுக்தி என்னுடையதன்று. உலகெங்கும் இவ்விளையாட்டில் ஈடுபட்டோர் கையாளும் முறை.

என்னுடையது, அல்லது பெரியவருடையது, ஒன்றே ஒன்று. வால்வை மேடையிலேயே பொருத்தாமல், நைலான் நூல் பின்னிய நீண்ட குழாயின் மறுமுனையில், பம்பு அடிப்பவர் அருகே வைத்தோம். கசிந்தாலோ, கயிறு சிக்கினாலோ, நாய் குறுக்கே வந்தாலோ, நின்ற இடத்திலிருந்தே வால்வு ஊசியை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிடலாம். அழுத்தம் ஏறிய புட்டியின் அருகே ஒருவரும் போக வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குழாய் காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லுச் சில்லாகச் சிதறும் என்பதால் மேடைக் குழாய்மேல் ஈரச் சாக்கும் சுற்றினோம். என் மனைவி வந்து எல்லாவற்றையும் பார்த்தாள். இரண்டு கேள்வி கேட்டாள். பிறகே மகளின் நோட்டு அலமாரியை விட்டு வெளியே வந்தது.

ரப்பர் வளையம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். தை மாதத்துக் காலை, தில்லிக் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் மலிவான வளையம் விறைத்துப் போய்க் கசிந்தது. உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, வாசலின் தடவியபின் அடங்கியது. 1986 ஜனவரி 28-ஆம் நாள் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் எழுந்து 73 வினாடிகளில் சிதறி, எழுவர் உயிரிழந்த செய்தியைப் பெரியோர் அறிவீர்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் முன்னிரவின் குளிரில் நெகிழ்வை இழந்து, நெருப்பு வாயுவைக் கசியவிட்டதே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. அவ்வளவு பெரிய கலத்துக்கும் என் புட்டிக்கும் ஒப்பு ஏது? ஆனாலும் அன்று காலை அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

நம் நாட்டு வரலாறும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஆங்கிலேயர் பொல்லிலூர் என்று எழுதிய ஊரில், ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் சேனையை வென்றன. அப்போரில் மைசூர் வாணங்கள் வானில் பாய்ந்தன. வாணம் உலகுக்குப் புதிதன்று. மைசூராரின் சிறப்பு இரும்புக் குழல். காகிதமும் மூங்கிலும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. அதனால் மருந்தை இறுக அடைக்க முடிந்தது, நெடுந்தூரம் பாயவும் முடிந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வாணங்கள் இங்கிலாந்து போயின. அவற்றை ஆராய்ந்துதான் வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளைச் செய்தார். அடக்கிப் பிடிக்கும் குழல் வல்லதானால் வாணம் வல்லதாகும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 1963 நவம்பர் 21-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது. நைக்-அப்பாச்சி என்னும் அமெரிக்க ராக்கெட் அது. அதன் பாகங்களை இணைத்தது மரிய மகதலேனா தேவாலயக் கட்டடத்தில். இணைப்பு வேலைக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்றவர்களில் ஒருவர் இராமேசுவரத்து இளைஞர். பின்னாளில் இதே தில்லியில் குடியரசுத் தலைவராக வீற்றிருந்த அப்துல் கலாம் அவர்கள். அன்று நடந்ததை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ராக்கெட்டைத் தூக்கி மேடையில் வைக்கும்போது பாரந்தூக்கியின் எண்ணெய் அமைப்பில் கசிவு ஏற்பட்டு, ராக்கெட் சாயத் தொடங்கியதாம். பழுது பார்க்க நேரமில்லை. எல்லாருமாகச் சேர்ந்து கையாலேயே தூக்கி நிறுத்தினார்களாம். அந்தி வானில் சோடிய ஆவியின் ஒளிமேகம் பரவியதைக் கரையோர மக்கள் பார்த்தார்கள். தும்பாவிலும் கசிவுதான்! இதைப் படித்துக் காட்டியபோது என் மகள் முதன்முறையாக மனம்விட்டுச் சிரித்தாள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இறக்கைகள் மூன்று, பழைய கோப்பு அட்டையில் வெட்டியவை, வாய்ப்பக்கம் ஒட்டியவை. மூக்கில் சிறிது களிமண். தலை கனத்து, வால் அகன்றிருந்தால்தான் வாணம் அம்பைப்போல் நேரே போகும். சிவகாசி வாணத்தில் நீண்ட குச்சி இருப்பதும் நேர்வழிக்காகத்தான். புட்டி சமநிலையில் தொங்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே போனால் சரி, தடுமாறினால் இன்னும் களிமண். ஆணியோ கம்பியோ எங்கும் கூடாது. உயரம் அளக்க ஒரு கோணமானியும் நூலில் கட்டிய கல்லும் போதும். மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்று உச்சியைக் குறிபார்த்தோம். கோணம் 40 பாகை. பள்ளிக்கூட அட்டவணையில் அதன் டேன்ஜன்ட் 0.8391. ஐம்பதால் பெருக்க 42 மீட்டர். என் கண் உயரத்தைக் கூட்டினால் 43-க்கும் மேல். முப்பது ஆண்டுகளுக்கு முன் எதற்குப் படிக்கிறோம் என்று சலித்துக்கொண்டே படித்த பாடம் அது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் 2015-இல் கரியிழைக் கலத்தைக் கொண்டு 830 மீட்டர் எட்டியிருக்கிறார்கள். நாம் அந்தப் பந்தயத்தில் இல்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முந்திய வாரங்களில், வானில் பறக்கும் பல பொருள்களுக்குத் தில்லிக் காவல்துறை தடை ஆணை பிறப்பிப்பது வழக்கம். புட்டி அந்தப் பட்டியலில் உண்டா இல்லையா என்று சாலையில் நின்று காவலரிடம் வாதாட வேண்டாம். அந்த வாரங்களில் விடாமல் இருப்பதே சரி. மற்ற நாட்களிலும் திறந்த மைதானமும் மைதானத்துக்கு உரியவரின் அனுமதியும் வேண்டும். கண்ணாடி அணியாத பிள்ளைகளுக்கும் அன்று கண்ணாடி உண்டு. தச்சர் அணியும் பாதுகாப்புக் கண்ணாடி. பருந்துகள் வந்து வட்டமிட்டால் சற்றுப் பொறுங்கள். எங்கள் வாணத்தைத் தங்கள் இனத்தான் என்று எண்ணி அவை விசாரிக்க வந்தது உண்டு.

அந்த விபத்து நடந்த நாளிலிருந்து சரியாக நூற்று இரண்டாம் நாள், மாசி மாதத்து இளவெயிலில், கயிறு என் மகள் கையில் இருந்தது. பெரியவர் நாற்காலியில் அமர்ந்து அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 57 ராத்தலில் பம்பை நிறுத்தி ஒரு நிமிடம் காத்திருந்தோம். முள் அசையவில்லை. "கசிவு இல்லை, விடு அம்மா" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆகையால் எங்கள் வாணம் முதன்முதலாகச் சரியாக எழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. என் முகத்தில் தெறித்த நீரைத்தான் அறிவேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்புறத்து மைதானத்தில் மேடை தயாராக இருக்கிறது, வாளியில் நீர் இருக்கிறது, சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று. சிறுவர்கள் கோட்டுக்கு இப்பால் நிற்க வேண்டும். முதலில் முள்ளைப் பார்க்கப் பெரியவர் வருகிறார். பம்பு அடிக்கக் கை வலுவுள்ளவர் இருவர் வேண்டும். வாருங்கள், போகலாம்.